அடையாற்றில் ஓர் அடைக்கல வீடு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

ஜூபிலி மலர் என்றால் பங்கின் வரலாறு, பணியாற்றிய குருக்களின் படங்கள், புனிதர்களின் சரிதை ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அந்த வரிசையில் கத்தோலிக்கர் அல்லாத ஓர் அம்மையாரின் வாழ்க்கை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மயிலையிலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்து பெசன்ட் அவென்யூ பக்கம் போகிறவர்கள் அவ்வை இல்லத்தைப் பார்த்திருப்பார்கள். ஏழைத் தாய்மார்களுக்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அதே அம்மையாரின் பெயரைத்தான் தாங்கியது. பெயரை நாம் அறிவோம். அந்த இல்லம் எதற்காக எழுந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஆகவே பிற்காலத்தில் சட்டசபையில் எழுந்து பேசியபோது, அம்மையார் ஏட்டில் படித்ததைப் பேசவில்லை. தம் தாய்வழிப் பெண்களின் கதையைத்தான் பேசினார்.

படிப்பிலும் தடைகள் இருந்தன. ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொண்ட பிறகே மணத்துக்கு இசைந்தார். அக்காலத்தில் இப்படி நிபந்தனை போட எத்தனை பெண்களுக்குத் துணிவு வந்திருக்கும்!

அடையாற்றில் 1917இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1926இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். சபை அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

இனி அந்த வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விவரம் அறியாத வயதில் ஒரு சிறுமிக்குக் கோயிலில் பொட்டு கட்டிவிடுவார்கள். அன்று முதல் அவளுக்குத் திருமணம் இல்லை. ஆடலும் பாடலும் அவளுடைய கடமை. வயது வந்ததும் வசதி படைத்த ஓர் ஆணின் ஆதரவில் வாழ வேண்டியதுதான். வறுமையில் வாடிய பெற்றோரிடம் பணம் கொடுத்துப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து இத்தொழிலுக்கு வளர்ப்பதும் நடந்தது. சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின்படி குற்றந்தான். 1924இல் அதற்குரிய வயதைப் பதினெட்டாக உயர்த்தினார்கள். ஆனாலும் சடங்கின் போர்வைக்குள் நடந்ததை யார் போய்ச் சாட்சி சொல்வது?

இதற்கெல்லாம் அடியில் ஒரு நிலக்கணக்கு இருந்தது. கோயில் ஊழியம் செய்யும் குடும்பத்துக்கு இனாம் நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலமும் கைவிட்டுப் போகும். ஆகவே தன் மகளுக்காவது இந்த வாழ்வு வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தாலும், அடுத்த வேளைச் சோற்றை நினைத்து அவளுக்கே பொட்டு கட்ட வேண்டியதாயிற்று. அக்கதவுக்குப் பூட்டும் சாவியும் நிலந்தான்.

இதைப் படிக்கும் நமக்குப் பிறர் கோயிலைக் குறை கூறும் எண்ணம் வேண்டாம். ஞானஸ்நானம் பெற்ற போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் 17ஆம் நூற்றாண்டில் இதே சோழமண்டலக் கரையிலிருந்து பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றார்கள். சாந்தோம் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குகிறவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது.

1927 நவம்பரில் அம்மையார் பொட்டு கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. தேசபக்தியில் யாருக்கும் குறையாத சத்தியமூர்த்தி போன்றவர்கள் சமயப் பழக்கத்தில் சட்டம் தலையிடலாகாது என்று வாதாடினர். தேவதாசிப் பெண்களும் சங்கமாகக் கூடி மனு அனுப்பினர். இசை மேதை பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களின் முன்னணியில் நின்றார். எல்லோரையும் விலைமாதர் என்று ஒரே தட்டில் வைப்பதும், சொத்துரிமையும் கலையும் பறிபோவதும் அவர்களுடைய மனக்குறை. அந்தக் குறையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரதக் கலையை வளர்த்துக் காத்த குடும்பங்கள் பின்னாளில் அவமானத்தையும் வறுமையையும் சுமந்தன. அம்மையாரின் கண்ணிலோ பெரிய வித்துவாம்சினிகளைவிட, வாய் திறக்கத் தெரியாத எட்டு வயதுச் சிறுமியே பட்டாள். மறுபக்கம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்விலிருந்து வெளியேறி ஊர் ஊராகச் சென்று பொட்டறுப்புக்குக் குரல் கொடுத்தார் என்பதையும் மறக்கலாகாது.

1929இல் அறநிலையச் சட்டத்துக்கு அம்மையார் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. இனி ஊழியம் செய்யாவிட்டாலும் இனாம் நிலம் அந்தப் பெண்களுக்கே உரியது. அவர் செய்தவற்றுள் புத்திசாலித்தனமானது இதுவே என்பது என் எண்ணம். தடை விதிப்பதற்கு முன் சோற்றுக்கு வழி செய்தார். பொட்டு கட்டுவதையே தடுக்கும் மசோதா நிறைவேறுமுன், 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். அந்தத் தடைச் சட்டம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளின் கழுத்தில் பொட்டு ஏறியதோ!

சட்டம் வரும் வரை அம்மையார் காத்திருக்கவில்லை. அந்த வாழ்வுக்கு அஞ்சி ஓடிவந்த சில இளம்பெண்கள் அவர் உதவியை நாடினர். அவர்களை விடுதிகளில் சேர்க்க முயன்றார். பிராமணர் விடுதியும் மறுத்தது. பிராமணர் அல்லாதார் விடுதியும் மறுத்தது. தேவதாசி வீட்டுப் பெண் என்றால் மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம்! மேடையில் ஒழிப்புக்குக் கை தட்டியவர்களும் அந்தப் பெண்களுக்கு ஒரு பாய் விரிக்க முன்வரவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். இப்படி 1930-31இல் உருவானதுதான் அவ்வை இல்லம். வந்தவர்கள் படித்தார்கள், தொழில் கற்றார்கள், ஆசிரியைகளாகவும் தாதியராகவும் சம்பாதிக்கும் நிலைக்கு உயர்ந்தார்கள். பிறகு அநாதைக் குழந்தைகள், கைவிடப்பட்டவர்கள் என்று சாதி பாராமல் கதவு திறந்தது.

தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் நெஞ்சில் தங்கிவிட, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். அது தனிக் கட்டுரைக்குரியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில் காலமானார்.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காகச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு அடைபட்டவர்களைத் தமிழகத்தில் அதிகாரிகள் அதன்பிறகும் பலமுறை மீட்டிருக்கிறார்கள். விடுதலைச் சான்றிதழோடு பேருந்து நிலையத்தில் இறங்கும் அக்குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு தேவை, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தேவை, முன்பணம் இல்லாத வேலை தேவை. இவை உடனே கிடைக்காதவர்கள் மறுபடி எந்தச் சூளையின் வாசலில் போய் நிற்பார்கள் என்பது அவ்வை இல்லத்தின் கதையை அறிந்தவர்களுக்குத் தெரியும்.