வலியும் காலமும் இடமும்: டங்கன் வைற்றின் வாழ்க்கை

ஓட்டத்திலும் நீச்சலிலும் உலக சாதனையொன்று முறியடிக்கப்பட்டதென்ற செய்தி வருந்தோறும், அதற்குக் காரணம் யாதென்ற வினாவும் உடன் எழுகின்றது. பிறவியில் அமைந்த உடல்வாகு என்பார் சிலர்; இடையறாத பயிற்சி என்பார் வேறு சிலர்; காலணியும் களமும் செய்த வேலை என்பாரும் உளர். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து நிறுத்தியிருக்கின்றார். அவை வேந்தர்க்கு வகுத்தவை. ஆயினும் ஓட்டக்காரனுக்கும் அவை பொருந்தும் என்பதற்குக் கண்டி மாநகரிற் கல்வி கற்ற ஒருவரின் வாழ்க்கையே சான்றாக நிற்கின்றது. அவர்தாம் இலங்கைக்கு முதன்முதலில் ஒலிம்பிக் பதக்கம் ஈட்டித் தந்த டங்கன் வைற்.

வைற் 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாம் நாள், களுத்துறைக்கு அணித்தான லத்பந்துர என்னும் ஊரிற் பிறந்தார். கல்வி அவரைக் கண்டிக்குக் கொணர்ந்தது. 1872ஆம் ஆண்டிலே தோன்றிய திரினிற்றிக் கல்லூரியில் அவர் மாணவரானார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழக் கிடக்கும் நகரம் கண்டி. சமதரை என்பது அங்கே எளிதிற் கிட்டும் பொருளன்று. எனினும் அக்கல்லூரி, மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து, 1915ஆம் ஆண்டிலே அஸ்கிரியாவில் ஒரு மைதானத்தை அமைத்துக் கொண்டது. பிற்காலத்தில், 1983ஆம் ஆண்டில், சர்வதேச டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் நிகழ்ந்ததும் அந்நிலத்திலேதான். ஓடுதற்கு இடமில்லையெனில் ஓடுவோரும் தோன்றார் என்பதை உணர்ந்து, மண்ணை வெட்டிய கல்லூரி அது. அத்தகைய கல்லூரியில் ஓட்டத் திறமை படைத்த இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தது அவர் பேறும் நாட்டின் பேறுமாகும். விளையாட்டிற் சிறந்த மாணவர்க்கு அக்கல்லூரி வழங்கும் உயரிய விருதாகிய திரினிற்றிச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது.

பள்ளியிற் பெற்ற பெயர் பள்ளியோடு நில்லாமல் நாட்டளவிற் பரந்தது. 1938ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நிகழ்ந்த பேரரசு விளையாட்டு விழாவிலே இலங்கையின் சார்பிற் பங்குபற்றியோரில் வைற்றும் ஒருவர். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. பெரிய அரங்கின் இயல்பையும் வெளிநாட்டு வீரரின் ஆற்றலையும் அவர் நேரிற் கண்டார். வலி எத்துணைத்து என அறிதற்கு மாற்றான் வலியையும் அறிதல் வேண்டும். அவ்வறிவு அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

ஆனால் காலம் அவருக்கு வாய்க்கவில்லை. 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழா நடைபெறவில்லை. 1944ஆம் ஆண்டின் விழாவும் நடைபெறவில்லை. இரண்டாம் உலகப் போர் இரண்டையும் விழுங்கிற்று. முன்னதன் போது வைற்றுக்கு வயது 22. பின்னதன் போது 26. விரைந்தோடும் ஒருவரின் உடல் முழு வலிமையும் திரண்டு நிற்கும் பருவம் அதுவே. அப்பருவம் முழுவதும் போட்டியின்றிக் கழிந்தது. வைற் இலங்கைப் படையிற் சேர்ந்து பணிபுரிந்தார். பின்னாளில் மேஜர் பதவி வரை உயர்ந்தார். இழந்த ஆண்டுகளை எந்தப் பயிற்றுநரும் மீட்டுத் தருதல் இயலாது. எனினும் அவர் ஓட்டத்தைக் கைவிட்டாரல்லர்.

அவர் தேர்ந்துகொண்ட துறை 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம். அதன் தன்மையைச் சிறிது விளக்குதல் தகும். 400 மீற்றர் தூரத்திற் பத்துச் சட்டவேலிகள் நிறுத்தப்படும். ஒவ்வொன்றும் 91.4 சென்ரிமீற்றர் உயரமுடையது. புறப்படும் கோட்டிலிருந்து முதல் வேலி 45 மீற்றர். அதன் பின்னர் வேலிக்கு வேலி 35 மீற்றர். கடைசி வேலியிலிருந்து முடிவுக்கோடு 40 மீற்றர். இடைப்பட்ட 35 மீற்றரை எத்தனை அடிகளிற் கடப்பது என்பதே இவ்வோட்டத்தின் கணக்கு. அடிகளின் எண் ஒற்றைப்படையாயின் எப்போதும் ஒரே கால் முந்தித் தாண்டும். இரட்டைப்படையாயின் கால் மாறும். ஓட்டத்தின் பிற்பாதியிலே, தசைகளுக்கு வேண்டிய உயிர்வளி போதாமல் அமிலம் திரண்டு கால்கள் கனக்கும். அந்நேரத்தில் அடி நீளம் குறுகும். குறுகினால் வேலியின் முன் கணக்குப் பிழைக்கும். பிழைத்தால் வேகம் தடைப்படும். ஆகவே இது வெறும் கால்வலிமையின் போட்டியன்று. களைத்த வேளையிலும் தாளம் தவறாத மனவுறுதியின் போட்டி. தாளம் பிறழாமற் பாடுவதற்கு இசைவாணன் எத்தனை ஆண்டு பழகுகின்றானோ, அத்தனை ஆண்டு இவனும் பழகுதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு யூலை மாத இறுதியில் இலண்டன் மாநகரிலே ஒலிம்பிக் விழா தொடங்கிற்று. ஒலிம்பிக் அரங்கில் இலங்கை கால்வைத்தது அதுவே முதல் தடவை. போரினால் நலிந்திருந்த நகரம் இலண்டன். உணவுப் பங்கீடு அப்போதும் நீங்கவில்லை. விழாவுக்கெனப் புதிய அரங்கு கட்டப்படவில்லை. பழைய வெம்பிளி அரங்கிலே சாம்பற்கரி பரப்பி ஓட்டப் பாதை அமைத்தனர். வீரர்கள் படைமுகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். செல்வம் குறைந்த அவ்விழாவிலும் இரண்டு புதுமைகள் இருந்தன. புறப்படும்போது கால் ஊன்றும் கட்டைகள் ஒலிம்பிக் ஓட்டங்களில் அவ்வாண்டே முதன்முதலிற் பயன்பட்டன. வெற்றிக்கோட்டை முந்திக் கடந்தவர் யாரெனக் காட்டும் நிழற்படக் கருவியும் நடுவர்க்கு உதவிற்று.

யூலை 31ஆம் நாள் இறுதி ஓட்டம். ஆறு பேர் நின்றனர். வைற்றுக்கு அப்போது வயது 30. அவரோடு நின்ற அமெரிக்கர் ரோய் கொக்ரனுக்கு 29. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையிற் பணிபுரிந்தவர். இத்தாலியர் ஒற்றாவியோ மிசோனி 1942ஆம் ஆண்டு எல் அலமெயின் போரிலே சிறைப்பட்டு, எகிப்திற் கைதியாக இருந்தவர். பிற்காலத்தில் ஆடை வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றார். சுவீடன் நாட்டினராகிய ரூனே லார்சன், போரிற் கலவாத நாட்டிலிருந்து வந்த 24 வயது இளைஞர். ஆறுபேருட் பலர் தம் வாழ்வின் வேகமான ஆண்டுகளைப் போருக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு ஓட வந்தவர்கள்.

ஓட்டம் முடிந்தது. கொக்ரன் 51.1 செக்கனில் முதலிடம் பெற்றார். வைற் 51.8 செக்கனில் இரண்டாமிடம் பெற்றார். லார்சன் 52.2 செக்கனில் மூன்றாமிடம் பெற்றார். விடுதலை பெற்று ஆறு திங்களும் நிரம்பாத ஒரு சிறு தீவுக்கு, அது கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் விழாவிலேயே வெள்ளிப்பதக்கம் கிடைத்தது. அவ்விழா தொடங்கும் வரை இத்துறையின் ஒலிம்பிக் சாதனையாக ஏட்டில் இருந்தது 1932ஆம் ஆண்டின் 52.0 செக்கன். இறுதிக்கு முந்திய சுற்றில் லார்சனும் கொக்ரனும் அதனை 51.9 ஆகக் குறைத்தனர். வைற்றின் 51.8 இவ்விரண்டினும் சிறந்தது. அவருக்கு முன்னே ஒருவர் ஓடியமையாலேயே அவர் பெயர் சாதனை ஏட்டில் இடம்பெறவில்லை. ஆயினும் முன்னே ஓடியவர் இல்லாதிருப்பின் அவர் அவ்வேகத்தை எய்தியிருப்பாரா என்பதும் சிந்திக்கத்தக்கது. வலிய எதிரி ஒருவகையில் ஆசானே ஆவான்.

1932ஆம் ஆண்டின் அச்சாதனைக்கும் ஒரு கதை உண்டு. அன்று முதலில் வந்தவர் அயர்லாந்தின் பொப் டிஸ்டல்; நேரம் 51.7 செக்கன். ஆயினும் அவர் ஒரு வேலியைத் தட்டி வீழ்த்தினார். அக்கால விதியின்படி தங்கப்பதக்கம் அவருக்கு உரியதாயினும் சாதனை உரியதாகவில்லை. இரண்டாவதாக வந்த அமெரிக்கர் கிளென் ஹார்டின் பெயரிலேயே அது பதிவாயிற்று. அந்த ஹார்டின் 1934ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் 50.6 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். 1953ஆம் ஆண்டில் சோவியத் வீரர் யூரி லித்துயேவ் 50.4 செக்கனில் ஓடும் வரை, 19 ஆண்டுகள் அது நிலைத்து நின்றது. மனிதரின் கால்கள் அவ்வளவு காலமும் வலிமை குன்றியிருந்தன என்பது பொருளன்று. போர் உலகின் மைதானங்களை மூடி வைத்திருந்தது என்பதே பெருங்காரணம். சாதனைக்கு முதல் உதவி அமைதி என்பதை இப்பத்தொன்பது ஆண்டுகள் காட்டுகின்றன.

இலண்டனிற் பெற்ற வெற்றியோடு வைற் ஓய்ந்துவிடவில்லை. 1949ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருது வழங்கிற்று. 1950ஆம் ஆண்டு பெப்ரவரியில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் நிகழ்ந்த பேரரசு விளையாட்டு விழாவில், 440 யார் சட்டவேலி ஓட்டத்தை 52.5 செக்கனில் ஓடித் தங்கப்பதக்கம் வென்றார். வயது முப்பதைக் கடந்த பின்னர், போர் பறித்த ஆண்டுகளுக்குப் பதிலிறுத்த ஓட்டம் அது. அதன்பின் உடற்கல்வித் துறையிலே பயிற்சி பெற்று, தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் இங்கிலாந்திற் குடியேறினார். 1998ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவில், சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்றார். அன்று கிடைத்தது வெண்கலம். முதலில் வந்தவர் ஊக்கமருந்து அருந்தியமை வெளிப்பட்டு நீக்கப்பட்டமையால் அது பின்னர் வெள்ளியாக உயர்ந்தது. வைற்றின் பதக்கத்திற்கும் சுசந்திகாவின் பதக்கத்திற்கும் இடையே 52 ஆண்டுகள் கழிந்தன. இடையில் எம்மவர் திறமையின்றி இருந்தனரல்லர். யாழ்ப்பாணத்துத் தமிழர் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். வல்வெட்டித்துறையின் ஆனந்தன் 1971ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையை இருமுறையும் நீந்திக் கடந்தார். திறமை இருந்தது, அதனை ஒலிம்பிக் பதக்கம் வரை ஏந்திச் செல்லும் ஏற்பாடுகளே குறைந்திருந்தன.

வைற்றுக்குப் பின் அவருடைய துறை எங்ஙனம் வளர்ந்தது என்பதும் காண்போம். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரிற் செயற்கைப் பாதை விரிக்கப்பட்டது. அந்நகரின் உயரம் 2,240 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. அங்கே டேவிட் ஹெமரி 48.1 செக்கனில் ஓடினார். எட்வின் மோசஸ் என்பவர் வேலிக்கு வேலி பதின்மூன்று அடிகளையே இறுதிவரை கடைப்பிடித்து, 1983ஆம் ஆண்டில் 47.02 செக்கனுக்குக் குறைத்தார். 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் நோர்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம் 45.94 செக்கனில் ஓடினார். பாதையும் காலணியும் அவருக்கு உதவின என்பது மெய்யே. நீச்சலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2009ஆம் ஆண்டு ரோம் நகரில், நீரை எளிதில் வழுக்கிச் செல்லும் செயற்கை ஆடை அணிந்தோர் ஒரே போட்டி விழாவில் 43 உலக சாதனைகளை முறித்தனர். மறு ஆண்டே அவ்வாடைகள் தடைசெய்யப்பட்டன. கருவி தரும் உதவிக்கும் மனிதன் தரும் முயற்சிக்கும் எல்லை வகுக்க வேண்டியதாயிற்று.

இவற்றை நோக்குமிடத்து, சாம்பற்கரிப் பாதையில், இழந்த எட்டு ஆண்டுகளைச் சுமந்து, 30ஆவது வயதில் வைற் ஓடிய 51.8 செக்கன் இன்றைய எண்களுடன் வைத்து எடைபோடத்தக்கதன்று. அவருக்கு வலி இருந்தது. காலம் பகையாயிற்று, அதனைப் பொறுமையால் வென்றார். இடமோ இளமையிலேயே அவருக்குத் துணையாயிற்று.

இவ்விடமே ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. வலி பிறப்போடு வருவது. காலம் நம் வசப்படாதது. இடம் ஒன்றே நம்மால் ஆக்கக்கூடியது. கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதிகளில், தேயிலைச் சரிவுகளின் நடுவே நிற்கும் பாடசாலைகள் பலவற்றில் நூறு மீற்றர் நேராக ஓடுதற்குச் சமதரை இன்றும் இல்லை. செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் நாள்தோறும் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வரும் அப்பிள்ளைகளின் கால்களில் வலி இல்லையென்று எவர் சொல்ல வல்லார்? வள்ளுவர் இடனறிதலை அடுத்து வைத்தது தெரிந்துதெளிதல். தகுதியுடையாரை ஆராய்ந்து கண்டு நம்புதல். மலையை வெட்டி மைதானம் அமைத்த ஒரு கல்லூரியிலிருந்து நாட்டின் முதற் பதக்கம் பிறந்தது. இன்னொரு சரிவையும் எவரேனும் வெட்டிச் சமன்செய்வாராயின், அங்கே ஓட வரும் பிள்ளையைத் தெரிந்து தெளிவது நம் கடன்.