ஆழ்கடலில் திறந்த கதவு

நீர்மூழ்கிக் கலம் மூழ்குவதற்காகவே கட்டப்படுவது. மூழ்கிய கலம் மீண்டும் எழாமற்போனால் உள்ளிருப்போர் உயிர் தப்புவது எவ்வாறு? இவ்வினாவிற்குத் தம் உயிரையே பணயம் வைத்து விடை கண்டவர் வில்ஹெல்ம் பௌவர்.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் 1822ஆம் ஆண்டு பிறந்த பௌவர், இளமையில் மரக்கடைசல் தொழில் பயின்று, பின்னர்ப் பீரங்கிப்படையில் சேர்ந்தார். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் போரில் டென்மார்க்கின் போர்க்கப்பல்கள் ஜெர்மானியக் கடற்கரையை முற்றுகையிட்டன. அவற்றை நீருக்கடியில் சென்று தாக்க, 'பிராண்ட்டாவ்கர்' என்னும் சிறு இரும்புக்கலத்தை அவர் வடிவமைத்தார். ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள அக்கலம் 1850இல் கீல் நகரில் உருவாயிற்று.

பணப் பற்றாக்குறையால் கலத்தின் தகடுகள் மெலிதாக்கப்பட்டன. நீரைத் தனித்தொட்டிகளில் அடைக்கும் ஏற்பாடும் கைவிடப்பட்டது. 1851 பிப்ரவரி 1 அன்று கீல் துறைமுகத்தில் சோதனை நடைபெற்றது. மூழ்குவதற்காக உள்ளே விடப்பட்ட நீர் பின்புறமாகத் திரண்டது. கலம் சாய்ந்து, தகடுகள் நெளிந்து, கடலடியில் போய் விழுந்தது. உள்ளே பௌவருடன் இருவர் இருந்தனர்.

10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் நீர் 10 டன் எடையாக அழுத்தும். அவ்வழுத்தத்தை எதிர்த்துக் கதவைத் திறக்க மனித ஆற்றலால் இயலாது. உள்ளே மேலும் நீரை விட்டால் காற்று சுருங்கி அழுத்தம் உயரும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானால் கதவு திறக்கும். பௌவர் கண்ட வழி இதுவே. நீரை வெளியேற்றத் துடிக்கும் வேளையில் நீரை வரவேற்கச் சொல்வதைத் துணைவர்கள் ஏற்க மறுத்தனர். அவர் பொறுமையுடன் விளக்கி இணங்கச் செய்தார். பல மணி நேரம் குளிரிலும் இருளிலும் காத்திருந்தனர். இறுதியில் கதவு திறந்தது. வெளிப்பாய்ந்த காற்றுடன் மூவரும் நீர்மட்டத்திற்கு உயிருடன் வந்து சேர்ந்தனர்.

பின்னர் ரஷ்யா சென்ற பௌவர், 'கடற்பேய்' எனப் பொருள்படும் பெயருடைய பெரிய கலத்தைக் கட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முறை மூழ்கி எழுந்தார். 1875இல் மியூனிக் நகரில் மறைந்தார். கீல் துறைமுகத்தில் புதைந்திருந்த முதற்கலம் 1887இல் மீட்கப்பட்டு, இன்று டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இன்றைய நீர்மூழ்கிகளின் தப்பிக்கும் அறைகளும் அழுத்தத்தைச் சமமாக்கியே கதவைத் திறக்கின்றன. அன்று அவரைக் காத்தது அறிவும் பொறுமையும். அவரை ஆபத்தில் தள்ளியதோ கட்டும்போதே பாதுகாப்பில் செய்த சிக்கனம். இடர் வந்தபின் வழி தேடுவதினும், வருமுன் வழி வகுத்தலே அறிவுடைமை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.