இலைகளிடம் விசாரித்த விஞ்ஞானி

1943-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பட்டப்பகலில் மங்கிப் போனது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்த காலம் அல்லவா? எதிரிகள் நச்சுப்புகை வீசிவிட்டார்களோ என்றுகூடப் பயந்தார்கள். அதன் பிறகும் அந்தப் புகைமூட்டம் அடிக்கடி வந்தது.

இந்தப் புதிரை விடுவித்தவர் ஆரி ஹாகன்ஸ்மிட். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1900-ல் பிறந்தவர். 1937-ல் கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எப்படி வருகிறது என்பதுதான் அவரது ஆராய்ச்சி! மணத்தைக் குளிரவைத்துப் பிடிக்கும் கருவியில் ஒருமுறை நகரத்துக் காற்றைச் செலுத்தினார். கிடைத்தது, துர்நாற்றம் வீசும் பழுப்பு நிறச் சொட்டுகள்.

நகரைச் சுற்றியிருந்த வயல்களிலும் பயிர்கள் பாழாகிக்கொண்டிருந்தன. பாலக்கீரை, குதிரைமசால் போன்றவற்றின் இலைகளில் அடிப்பக்கம் மட்டும் வெள்ளி பூசியதுபோல மினுமினுத்தது. ஏன் அடிப்பக்கம்? இலை சுவாசிக்கும் நுண்துளைகள் அங்கேதான் அதிகம். அவற்றின் வழியே நுழையும் நஞ்சு உள்ளே செல்களைச் சிதைத்துவிடும். அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். அதுதான் அந்த மினுமினுப்பு.

ஆலைகள் விடும் கந்தக டை ஆக்சைடுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த வாயு பட்டால் இலைக் காயம் வேறு மாதிரி இருக்கும். ஹாகன்ஸ்மிட் என்ன செய்தார் தெரியுமா? மூடிய அறைக்குள் செடிகளை வைத்து, பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து செலுத்தினார். சில மணி நேரம்தான். வயலில் கண்ட அதே மினுமினுப்பு வந்துவிட்டது!

வானில் உயரே இருந்து நம்மைக் காக்கும் ஓசோன், மூக்கருகே வந்தால் பகை. கார்ப் புகையில் உள்ள எரியாத எரிபொருளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் அறிவித்தார்.

எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் ஆராய்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்தான்! அன்னாசியை ஓரங்கட்டிவிட்டு, மேலும் மேலும் சோதனை செய்து நிரூபித்தார்.

1968-ல் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானார். கார்ப் புகைக்குக் கடுமையான விதிகள் வந்தன. 1973-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 1977-ல் எல் மான்டே என்ற ஊரில், கார்ப் புகையைச் சோதிக்கும் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார்.