கண்ணும் கண்ணோட்டமும்

சென்ற தவணையில் ஒரு நாள், திருக்குறளிற் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, வீதியில் நிற்பவரை அவரைக் கேளாமற் படம் பிடித்தல் தகுமா என்று வினவினான். காரணம் கேட்டேன். நிவாரண வரிசையில் நின்ற தன் அம்மம்மாவை யாரோ படம் எடுத்து, அதனை ஒரு நாட்காட்டியில் அச்சிட்டுவிட்டனராம். அதனைக் கண்ட நாள்முதல் அம்மூதாட்டி வெளியிற் செல்லவே கூசுகின்றாராம். பொதுவிடத்திற் கண்ணாற் காண்பதைக் கமெராவாற் காண்பதைப் பல நாடுகளிற் சட்டம் தடுப்பதில்லை என்று விடை கூறினேன். அவ்விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் டொரத்தியா லாங் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். என் மாணவனது வினாவின் இரு பக்கங்களையும் தம் வாழ்விலே கண்டவர் அவ்வம்மையார்.

1895ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், நியூ ஜேர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரில் அவர் பிறந்தார். ஏழாம் வயதில் இளம்பிள்ளை வாதம் அவரது வலக்காலைப் பற்றியது. ஆயுள் முழுவதும் சற்றே சாய்ந்து நடக்கும்படி ஆயிற்று. பன்னிரண்டாம் வயதளவில் தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார். மகள் பிற்காலத்தில் தந்தையின் பெயரைத் துறந்து, தாயின் குடிப்பெயராகிய லாங் என்பதையே தம் பெயராக்கிக்கொண்டார். தாய் நியூயோர்க்கில் நூல்நிலையப் பணி செய்தமையால், சிறுமி அந்நகரத்து ஏழைகளும் குடியேறிகளும் நெருங்கி வாழ்ந்த வீதிகளூடே தனித்து நடந்தார். பிறர் கண்ணிற் படாமல் நடக்கவும், தாம் மட்டும் யாவற்றையும் காணவும் அங்கேதான் பழகினார். வேறெந்தப் பள்ளியும் அவருக்குக் கற்பிக்க இயலாத கல்வி அது.

கமெரா ஒன்றைச் சொந்தமாகக் கொள்ளுமுன்னரே, புகைப்படமே தம் தொழில் என்று அவர் துணிந்துவிட்டார். கிளாரன்ஸ் வைற் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார். 1918இல் தோழி ஒருவருடன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டவர், சான் பிரான்சிஸ்கோவிற் பணத்தைக் களவுகொடுத்து அங்கேயே தங்கினார். அடுத்த ஆண்டு அந்நகரிற் படப்பிடிப்பு நிலையம் திறந்து, செல்வர் குடும்பங்களைப் படம் எடுத்துப் பெயர் பெற்றார். அவ்வளவில் நின்றிருந்தால் இன்று அவரை நாம் நினைவுகூரக் காரணம் இராது.

1929இற் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிற்று. 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்தனர். நிலையத்தின் சாளரத்தினூடே, போக்கிடமின்றித் திரிந்த மனிதரை அம்மையார் நோக்கினார். உள்ளே தாம் எடுக்கும் படங்களுக்கும் வெளியே தாம் காணும் உலகுக்கும் தொடர்பே இல்லை என்பது அவரை உறுத்தியது. கமெராவைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கினார். இலவச உணவுக்காகக் காத்துநின்ற ஒரு கூட்டத்தைப் படம் எடுத்தார். கூட்டத்தினர் அப்பால் நோக்கி நிற்க, முதியவர் ஒருவர் மட்டும் இப்பால் திரும்பி, மரத்தடுப்பின்மேற் கைகளைச் சாய்த்து நிற்கின்றார். முன்னே ஒரு தகரக்குவளை. அவர் கண்களைத் தொப்பியின் விளிம்பு மறைத்துள்ளது. வறுமையைக் காட்டிய அப்படம் அவரது நாணத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை.

1935 முதல் அவர் அரசாங்கத்துக்காக ஊர் ஊராகச் சென்று உழவர்தம் துயரைப் பதிவுசெய்தார். பெரிய கமெராவை மறைக்கமாட்டார், மெல்ல நெருங்குவார், குடிக்கத் தண்ணீர் கேட்டு, பேச்சுக்கொடுத்து, பின்னரே படம் எடுப்பது அவர் வழக்கம். ஆயினும் 1936 மார்ச்சில் அவ்வழக்கத்துக்கு அவகாசம் இல்லை. கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்திற் பட்டாணிப் பயிர் உறைபனியால் அழிந்து, கூலியாட்கள் பட்டினி கிடந்தனர். அங்கே கூடாரமொன்றில் இருந்த, 32 வயதுடைய தாயொருவரையும் அவர் பிள்ளைகளையும் சில நிமிடங்களிற் படம் எடுத்துத் திரும்பினார். அத்தாயின் பெயரையும் கேட்டாரில்லை. படங்கள் நாளிதழில் வெளிவந்தன. அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை அனுப்பிற்று. அவ்வுணவு வந்தபோது அக்குடும்பம் அவ்விடம் விட்டுப் போய்விட்டது.

படம் உலகப் புகழ் பெற்றது. அரசாங்கத்தின் படமாகையால் லாங் அம்மையாருக்கும் அதனால் ஊதியத்துக்கு மேற் பொருள் வரவில்லை. அவர் பெற்றது புகழ். படத்திலுள்ள புளோரன்ஸ் தொம்சன் என்னும் அப்பெண்மணியோ, 42 ஆண்டுகள் கழித்து, 1978இல் வாய்திறந்தார். அப்படத்தால் தமக்கு ஒரு சதமேனும் கிட்டவில்லை என்றும், அதனை எடுக்க விட்டிருக்கலாகாது என்றும் வருந்தினார். பசித்தோர் பலர்க்கு உணவளித்த படம், படத்திலிருந்தவருக்கு மாறாத வடுவாயிற்று.

மறுபக்கத்தை 1942 காட்டியது. யப்பானுடன் போர் மூண்டதும், அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தவரைக் குற்றமோ விசாரணையோ இன்றி முகாம்களில் அடைத்தது. அவ்வாறு அடைக்கப்பட்டோர் 110,000 பேருக்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களே. அதனைப் பதிவுசெய்ய அரசே அம்மையாரை அமர்த்தியது. ஆயின் முட்கம்பியும் காவற்கோபுரமும் துப்பாக்கி ஏந்திய சிப்பாயும் படத்தில் வரலாகாதெனத் தடைகள் விதிக்கப்பட்டன. அவர் முகங்களையே நாடினார். கொடிக்கு வணக்கம் செய்யும் பள்ளிச் சிறுமியரையும், சட்டையில் இலக்கச் சீட்டுத் தொங்க மூட்டைகளோடு காத்திருந்த குடும்பத்தையும் எடுத்தார். படைத்துறையினர் அப்படங்களைக் கண்டு அஞ்சி, போர் முடியும்வரை முடக்கிவைத்தனர். 1965 ஒக்டோபர் 11இல் அம்மையார் காலமானார். அப்படங்களின் ஒரு பெருந்தொகுதி நூலாய் வெளிவந்தது 2006இலேதான். அதற்குள், 1988இலே, அந்த அரசு தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியிருந்தது.

ஆகவே, படம் எடுக்காதே என்னும் சொல் இருவர் வாயிலிருந்து வருகின்றது. இழக்க மானம் ஒன்றே எஞ்சியிருப்பவர் முகத்தை மூடிக்கொண்டு சொல்வது ஒன்று. தான் செய்யும் கொடுமையை உலகம் காணுமே என்று வலியவன் ஆணையிட்டுச் சொல்வது மற்றொன்று. முன்னதற்குச் சட்டம் துணை நில்லாவிடினும் நாம் பணிதல் வேண்டும். பின்னதற்குச் சட்டமே துணை நின்றாலும் பணிந்துவிடலாகாது. கண்ணுக்கு அழகு கண்ணோட்டம் என்று வள்ளுவர் கொண்டது கமெராவின் கண்ணுக்கும் பொருந்தும்.

மறுநாள் வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறி, முதல்நாள் நான் சொன்ன விடை அரைவிடை என்பதையும் ஒப்புக்கொண்டேன். அந்த மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், நிப்போமோத் தாயின் கதையைத் தன் அம்மம்மாவுக்குச் சொல்லப்போவதாகக் கூறி அமர்ந்தான்.