ஒலியின் கணக்கறிந்த இராமன்

மயிலாப்பூரின் இசையரங்குகளில் மிருதங்கம் தாளக்கருவியாக மட்டும் நிற்பதில்லை. பாடுவோரின் சுருதியோடு இணைந்து தானும் இசைக்கின்றது. இவ்விணக்கத்தின் காரணத்தை அறிவியல் முறையில் நிறுவியவர் சர் சி. வி. இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் இயற்பியல் கற்பித்தவர். வயலின் இசையில் ஈடுபாடு உடையவர். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த இராமன், மாணவராக இருந்தபோதே 1906இல் தம் முதல் ஆய்வுக்கட்டுரையை இலண்டன் இதழில் வெளியிட்டார்.

ஆயினும், ஆய்வையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அந்நாளில் அரிதாக இருந்தது. எனவே, 1907இல் அரசின் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவலகம் செல்லும் முன்னும் திரும்பிய பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் உழைத்தார். 1917இல் உயர்ந்த ஊதியத்தைத் துறந்து, குறைந்த ஊதியமுடைய பேராசிரியர் பணியை ஏற்றார்.

விறைப்பாகக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆதலால், தோற்கருவிகள் இசைத்தன்மை குறைந்தவை என்று இயற்பியலார் கருதினர். மிருதங்கத்தின் வலந்தலையிலோ, கரணை என்னும் கரிய பூச்சின் எடை தோலின் அதிர்வுகளை மாற்றியமைக்கின்றது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது படியும் கோடுகளைக் கொண்டு இராமன் அதிர்வுகளை ஆராய்ந்தார். அடிப்படை ஒலியோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கான ஒலிகளும் அக்கருவியில் எழுவதைக் கண்டார். சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்டார். பின்னர் மேலும் விரிவாக எழுதினார். கரணையிட்ட கைவினைஞரின் நுண்ணறிவை உலகம் அறிந்தது.

அடிப்படை ஒலியையும் அதன் மடங்குகளையும் பிரித்தறியும் இம்முறை இசைக்கு மட்டும் உரியதன்று. வானூர்தியின் சுழல்விசிறி எழுப்பும் இரைச்சலை முன்கணிப்பதற்கும் இதுவே தொடக்கம். இரண்டு இதழ்களையுடைய விசிறி நொடிக்கு 20 முறை சுழன்றால், அடிப்படை ஒலி நொடிக்கு 40 அதிர்வுகளை உடையது; 80, 120 எனும் மடங்குகளும் உடன் எழும்.

ஒளிச்சிதறல் ஆய்விற்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமன், 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். நாள்தோறும் கேட்கும் ஒலியிலும் ஆராயத்தக்க உண்மை உண்டு என்பதே அவர் வாழ்வு மாணவர்க்கு உணர்த்துவது.