பில் வில்சன் கேட்ட உதவி



பில் வில்சன் (1895–1971) நியூயார்க்கில் பங்குச்சந்தை தொழில் செய்தவர். குடியினால் வேலை போச்சு, மரியாதை போச்சு. மனைவி லோயிஸ் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடியது. 1934 டிசம்பரில் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் தேவனை நோக்கிக் கதறினபோது, அறை முழுவதும் வெளிச்சத்தைக் கண்டார். குடி நின்றது.

இந்த இடத்தில் சாட்சியை முடிப்பதுதான் நம்ம வழக்கம். நான் முடிக்கப் போவதில்லை.

1935 மே மாதம் ஒஹாயோவிலுள்ள அக்ரோன் பட்டணத்துக்குத் தொழில் விஷயமாகப் போனார். காரியம் தோற்றது. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒருபக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். மறுபக்கம் டெலிபோனும் சபைகளின் பட்டியலும். ஒரு போதகருக்குப் போன் போட்டு, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் உண்டா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் சர்ஜன் டாக்டர் பாப் ஸ்மித். கால்மணி நேரம் மட்டும் என்று வந்தவர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்! பில் பிரசங்கம் பண்ணவில்லை, தன் கதையைச் சொன்னார். ஜூன் 10-ல் டாக்டரும் குடியை விட்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அப்படித்தான்.

பிறகு 1944 முதல் ஏறக்குறைய பத்து வருஷம் பில்லுக்குக் கடுமையான மனச்சோர்வு. சொந்தக் கூட்டத்தாரே குறை பேசினார்கள். அவரோ ஜெபித்தார், மனநல டாக்டரிடமும் போனார். நாமும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, விசுவாசம் போதாது என்று லேசா சொல்லிடறோம். சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தானே?

அந்த வருஷங்களிலும் பில் குடிக்கவில்லை. மரிக்கும்வரை 36 வருஷம் குடிக்கவில்லை.