பாரதியாரின் செவிச்செல்வம்

கேள்வியைச் செல்வமாகப் போற்றியது தமிழ் மரபு. அச்செல்வத்தை நூற்பொருள் கேட்டல் என்னும் அளவில் நிறுத்திவிடாமல் இசை கேட்டலுக்கும் உரியதாக்கிப் பார்த்தால், ஒருவருடைய இசைச்சுவை எவ்வாறு அமைகிறது என்னும் வினா எழும். பிறந்த ஊரா, பழகிய கூட்டமா, கற்ற கல்வியா, வாழ்ந்த வாழ்வா, எது அதனை வகுக்கிறது? மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் வாழ்வை அவர் செவி சென்ற வழியே தொடர்ந்து சென்றால் இவ்வினாவிற்கு நல்லதொரு விடை கிடைக்கிறது.

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். அவ்வூர் சிற்றூராயினும் இசையுலகில் பேரூர். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களைக் கழித்து 1835இல் மறைந்தது எட்டயபுரத்திலேதான். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் அந்த அரண்மனையின் வித்துவானாக விளங்கினார். அந்த மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், பாரதியாரின் இளமைக்காலத்தில் அவ்வூரின் இசைப் பெருமகனாராக வாழ்ந்தார். தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் தொகுத்த அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. ஐந்தாம் வயதில் தாயை இழந்து, பதினொன்றாம் வயதில் அரண்மனைப் புலவர்களிடம் 'பாரதி' என்னும் பட்டம் பெற்ற சிறுவனுக்கு, முறையான இசை எது என்பதைக் காட்டிக் கொடுத்தது இந்தச் சூழலே. முதற்சுவையைத் தருவது பிறந்த மண் என்பதற்கு இஃதொரு சான்று.

1898இல் தந்தையார் மறைந்தபின் பாரதியார் காசிக்குச் சென்றார். அத்தை குப்பம்மாள் இல்லத்தில் தங்கி நான்காண்டுகள் அங்கே வாழ்ந்தார். இந்தியும் வடமொழியும் அங்கே கற்றார். கங்கைக் கரையின் வாழ்வு தென்னாட்டு இளைஞரின் பார்வையை விரித்தது போலவே செவியையும் விரித்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் இயற்றிய தேசிய கீதங்களின் தலைப்பில் இந்துஸ்தானி இராகப் பெயரும் இடம்பெறுதல் இதற்குத் துணை நிற்கிறது. இவ்வாறு விரிந்தபோதும் பழைய சுவை அழிந்துபோகவில்லை. 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது, சென்னையில் பத்திரிகைப் பணியிலிருந்த பாரதியார் அவருக்காக இரங்கற்பா பாடினார். புதிய சுவை வந்து சேர்ந்ததும் பழையதைத் தூற்றுவது பலரிடம் காணப்படும் இயல்பு. அவ்வியல்பு பாரதியாரிடம் இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1908இல் ஆங்கில அரசின் அடக்குமுறை அவரைப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் செல்ல வைத்தது. அங்கே பத்தாண்டுகள் வறுமையோடும் ஒற்றர் கண்காணிப்போடும் வாழ்ந்தார். எனினும் அவர் செவி மிகுதியாகச் செல்வம் சேர்த்த காலம் அதுவே எனலாம். அரண்மனை மண்டபத்தில் வளர்ந்த செவி அங்கே வயல்வெளிக்கும் தெருவுக்கும் இறங்கி வந்தது. 'குயில் பாட்டி'ல் குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த ஓசைகளை வரிசைப்படுத்துகின்றது. கடலலையின் முழக்கமும் மரங்களிடைக் காற்றெழுப்பும் ஒலியும் அங்கே உள்ளன. ஏற்றம் இறைப்போர் பாட்டு, நெல் குத்தும் மகளிர் பாட்டு, சுண்ணம் இடிப்போர் பாட்டு, பண்ணைப் பெண்கள் பாட்டு, வளைகுலுங்கக் கும்மியடிப்போர் பாட்டு ஆகியனவும் உள்ளன. வேய்ங்குழலும் வீணையும் அதே வரிசையில் நிற்கின்றன. வீணை மேல், ஏற்றப்பாட்டுக் கீழ் என்னும் படிநிலை அப்பட்டியலில் இல்லை. அன்றைய இசையரங்குகள் இசையென்றே கருதாதவற்றுக்குப் பாரதியார் சமநிலை வழங்கினார்.

அவர் வசன கவிதையில் பாம்புப் பிடாரன் ஒருவன் வருகிறான். அவன் குழலோசையைக் கேட்டு, இவ்விசை எங்கிருந்து பிறக்கிறது, குழலிலா, மூச்சிலா, உள்ளத்திலா என்று கவிஞர் சிந்தனை விரிகிறது. குடுகுடுப்பைக்காரனின் குடுகுடுப்பை ஓசை 'புதிய கோணங்கி' என்னும் பாட்டாகப் பிறந்தது. தெருவில் வருவோரின் ஓசையை இரைச்சல் என்று கதவடைத்துக்கொள்பவர்களே பெரும்பான்மையோர். பாரதியாரோ கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்.

கேட்டது அவர் எழுத்தையும் மாற்றிற்று. நொண்டிச் சிந்து, கிளிக்கண்ணி, கும்மி, ஆனந்தக் களிப்பு என மக்கள் நாவில் வழங்கிய மெட்டுகளில் விடுதலைப் பொருளை ஏற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டுகளும் அவருக்குக் கைகொடுத்தன. 1912இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபத'த்தின் முன்னுரையில், எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே தமிழுக்கு உயிர் தரும் என்னும் கருத்தை நிறுவினார். 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த 'கண்ணன் பாட்டு' இராகமும் தாளமும் குறித்த பாடல்களைக் கொண்டு விளங்கியது. படிப்பதற்கு மட்டுமன்றிப் பாடுவதற்கும் எழுதியவர் அவர்.

பரந்த சுவை என்பதற்கு எதையும் ஏற்றுக்கொள்ளும் சுவை என்று பொருளன்று. சங்கீதம் பற்றிய தம் கட்டுரையில் பாரதியார் கடுமையாகவே பேசுகின்றார். எந்த ஊர்க் கச்சேரிக்குச் சென்றாலும் அதே சில கீர்த்தனைகளே திரும்பத் திரும்ப ஒலிப்பதையும், பாடுபவரும் கேட்பவரும் பொருளறியாமல் இருப்பதையும், உணர்ச்சி பேதங்கள் மறைந்து தாளக் கணக்கே எஞ்சுவதையும் கண்டு வருந்தினார். முன்னோர் கீர்த்தனைகளை ஒழிக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவற்றைப் பொருளுணர்ந்து பாடுக, தமிழில் புதியனவும் படைக்க என்பதே அவர் வேண்டுகோள். எட்டயபுரத்தின் இசையைக் கேட்டு வளர்ந்தவர் சொன்னதால்தான் அக்கண்டனத்திற்கு எடை உண்டு. அறியாதவன் குறை கூறினால் அது வெறுப்பாகும். அறிந்தவன் கூறினால் அது அக்கறையாகும்.

1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டு வெளியேறியபோது கடலூரில் கைது செய்யப்பட்டார். விடுதலையான பின் மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். அருகிலுள்ள பொட்டல்புதூரில் 1920இல் இஸ்லாமிய மக்கள் கூடிய கூட்டத்தில் இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை குறித்து உரையாற்றினார். அல்லாஹ்வைப் போற்றித் தாம் இயற்றிய பாடலையும் அங்கே பாடினார். அண்ட கோடிகளை ஆளும் இறைவனின் பேராற்றலையும் அடியார்பால் அவன் கொண்ட கருணையையும் போற்றும் பாடல் அது. பிறருடைய இறைப்புகழைத் தம் குரலில் பாடுவதற்கு முதலில் அதனைத் தம் செவியில் ஏற்கும் பக்குவம் வேண்டும். ஏற்றக்காரன் பாட்டையும் பிடாரன் குழலையும் ஏற்ற செவிக்கு அப்பக்குவம் முன்பே கைவந்திருந்தது. சுவை விரிந்தால் உள்ளமும் விரியும் என்பதற்குப் பொட்டல்புதூர் சான்று பகர்கின்றது.

1921 செப்டம்பரில், நாற்பது வயது நிரம்பும் முன்னரே அவர் மறைந்தார். அவர் வேண்டியது அவர் காலத்தில் நிறைவேறவில்லை. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் அவர் எழுப்பிய குரலின் தொடர்ச்சியே. இசையரங்குகளில் அவர் பாடல்களே பின்னர் இடம்பெற்றன.

இவ்வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? இசைச்சுவை பிறவியிலேயே முடிந்துவிடுவதன்று; அடுக்கடுக்காக வளர்வது. ஊர் முதலடுக்கைத் தருகிறது. பயணம் அடுத்ததைத் தருகிறது. துன்பமும் எளிய மக்களின் உறவும் ஆழமானதைத் தருகின்றன. மேலடுக்கு வரும்போது கீழடுக்கு இடிய வேண்டியதில்லை. இளைஞர் கேட்கும் இசையை முதியோர் இரைச்சல் என்பதும், முதியோர் போற்றும் இசையை இளைஞர் பழமை என்பதும் எக்காலத்தும் உள்ள வழக்கு. இருசாராரும் பாரதியாரைப் போல் முதலில் கேட்டுப் பார்த்துப் பிறகு தீர்ப்புச் சொல்வாராயின், ஒரே வீட்டில் இரு தலைமுறையின் இசையும் பகையின்றி வாழும். செவியைத் திறந்து வைப்போர்க்கு அச்செல்வம் என்றும் குறைவதில்லை.